நாட்டுக்கோழியின் கண் நிறம் மாறித் தெரிந்தால்: இன இயல்பையும் நோயையும் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

வெண்முத்து நிறக் கண்ணுள்ள அசில் சேவலை வளர்ப்போர் தேடி அலைந்து, கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். மேரக்ஸ் என்னும் வைரஸ் நோயால் மெல்ல மெல்லப் பார்வை இழந்துவரும் ஐந்து மாத விடைக்கோழியின் கண்ணும் தொலைவிலிருந்து பார்க்கையில் ஏறக்குறைய அதே வெண்மையோடுதான் தெரியும். கண்ணின் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பவர், நல்ல பறவையை நோயாளி என ஒதுக்கவும் கூடும், நோயுற்ற பறவையைக் காசு கொடுத்து வாங்கித் தன் பட்டிக்குள் விடவும் கூடும். நிறத்தைப் பார்த்த பின் வேறு எவற்றைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும், பார்த்ததிலிருந்து எப்படி முடிவுக்கு வர வேண்டும் என்பதை, வீட்டுப் புழக்கடையில் பத்து இருபது கோழி வளர்ப்பவர்களை மனத்தில் கொண்டு இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில், கண்ணின் பகுதிகள்

கோழியின் கண் நிறம் என்று நாம் சொல்வது, நடுவிலுள்ள கரிய வட்டத்தைச் சுற்றியிருக்கும் வண்ண வளையத்தின் நிறத்தையே. அந்தக் கரிய வட்டம் கண்மணி. ஒளி உள்ளே செல்லும் துளை அதுவே. வண்ண வளையத்தில் உள்ள தசைகள் சுருங்கி விரிவதால் கண்மணி சிறுத்தும் பெருத்தும் மாறுகிறது. இவை இரண்டுக்கும் முன்னால், கடிகாரத்தின் மேல் கண்ணாடி போல, ஒளி ஊடுருவும் முகப்புப் படலம் மூடியிருக்கிறது. கண்மணிக்குப் பின்னால் கண்வில்லை இருக்கிறது. இவற்றோடு மேல் இமை, கீழ் இமை, அலகுப் பக்கத்து மூலையிலிருந்து குறுக்கே ஓடி மறையும் மூன்றாம் இமை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வண்ண வளையத்துக்கு நிறம் தருபவை மூன்று. தீவனத்திலிருந்து வரும் மஞ்சள் நிறமிகள் முதலாவது. வளையத்துக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சிவப்பு இரண்டாவது. உடலே உண்டாக்கும் கரு நிறமியான மெலனின் மூன்றாவது. முதல் இரண்டும் சேர்ந்து பெரும்பாலான நாட்டுக்கோழிகளிடம் காணும் செம்மஞ்சள் நிறத்தைத் தருகின்றன. மெலனின் கூடினால் கண் பழுப்பாகவும் கருப்பாகவும் ஆகிறது. மூன்றுமே குறைந்திருந்தால் வெண்மஞ்சள் அல்லது முத்து நிறம் தெரிகிறது. ஆகவே நிறம் மாறித் தெரியும்போது, இந்த மூன்றில் ஒன்று பிறவியிலேயே கூடியோ குறைந்தோ இருக்கிறதா, அல்லது இவற்றோடு தொடர்பில்லாத ஒன்று, நோயணுவோ வடுவோ நீரோ, வளையத்தின் மேல் வந்து படிந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். பின்வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கானவை.

படி 1: பகல் வெளிச்சத்தில், கையில் பிடித்துப் பார்த்தல்

கூட்டுக்குள் ஓடும் கோழியைத் தொலைவிலிருந்து பார்த்து முடிவு சொல்லக் கூடாது. காலை வேளையில், நேர் வெயில் படாத ஆனால் நல்ல வெளிச்சமுள்ள இடத்தில், திண்ணையிலோ மரநிழலிலோ வைத்துப் பார்ப்பதே சரி. குழல் விளக்கின் வெள்ளொளியில் செம்மஞ்சள் கண் வெளிறித் தெரியும்; மாலை வெயிலில் வெளிறிய கண்ணும் சிவந்து தெரியும். முந்தின இரவு கூடடைந்த பிறகோ விடியலில் கூட்டைத் திறக்கும் முன்போ பிடித்தால் கோழி துரத்தலால் மிரளாது. இறக்கைகள் இரண்டையும் உடலோடு சேர்த்து அக்குளில் அணைத்து, கால்களை ஒரு கையால் பற்றிக்கொண்டு, தலையை அழுத்தாமல் பிடிக்க வேண்டும். மிரண்டிருந்தால் அது அடங்கும் வரை காத்திருப்பது நல்லது. மிரட்சியிலேயே கண்மணியின் அளவு மாறும்.

இரண்டு கண்களையும் ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில், அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் படம் எடுப்பது மிகவும் உதவும். ஆனால் ஃபிளாஷ் பயன்படுத்தக் கூடாது. வலக்கண், இடக்கண் என்று குறித்து, தேதியோடு சேமித்து வைத்தால், இரண்டு வாரம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட முடியும். கண் விஷயத்தில் ஒரு நாள் பார்த்த நிறத்தைவிட, இரண்டு நாட்களுக்கு இடையே நேர்ந்த மாற்றமே அதிகம் சொல்லும் என்பதால், இந்த ஒப்பீட்டைச் சிறு வேலை என்று தள்ளிவிடக் கூடாது.

படி 2: நிறம் மாறியிருப்பது எந்தப் பகுதியில் என்று காணுதல்

“கண் வெள்ளையாகிவிட்டது” என்று ஒருவர் சொல்லும்போது, அது நான்கு வெவ்வேறு பகுதிகளில் எதையும் குறிக்கலாம். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது வெண்மை கண்ணின் முன்பரப்பிலேயே, பனி படிந்த கண்ணாடிபோலத் தெரிந்தால், மாறியிருப்பது முகப்புப் படலம். முன்பரப்பு பளபளவென்று தெளிந்திருந்து, கண்மணி இருக்க வேண்டிய கரிய இடத்தில் மட்டும் வெண்மையோ நீலமோ தெரிந்தால், அது கண்வில்லையின் புரை. கண்மணி கருப்பாகவே இருந்து, சுற்றியுள்ள வளையம் மட்டும் வெளுத்திருந்தால், அதுதான் உண்மையான கண் நிற மாற்றம். ஒரு நொடி வெள்ளையாகத் தெரிந்து மறு நொடி தெளிந்தால், அது மூன்றாம் இமை ஓடி மறைவது; எல்லாக் கோழிக்கும் உள்ள இயல்பு. மூன்றாம் இமை பாதி வழியில் நின்றுவிட்டால் மட்டும் கண்ணில் வலியோ உடலில் சோர்வோ இருக்கிறதென்று கொள்ளலாம்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நேர்கிறது. மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் உள்ள பெட்டை முட்டையிடத் தொடங்கிய பிறகு, உடலிலுள்ள மஞ்சள் நிறமி மஞ்சள் கருவுக்குச் செல்வதால், முதலில் எச்சத்துவாரத்தைச் சுற்றியும், அடுத்து இமை விளிம்பிலும், பிறகு காதுமடல், அலகு, கால் என்ற வரிசையிலும் மஞ்சள் வெளுக்கும். இமை விளிம்பு வெளுத்ததைக் கண் வெளுத்ததாக எண்ணி அஞ்சுவோர் உண்டு. அது நன்றாக முட்டையிடும் கோழியின் அடையாளமே. முட்டை நின்றதும் அதே வரிசையில் மஞ்சள் திரும்பிவிடும்.

படி 3: இனம், வயது, தீவனம் ஆகியவற்றை நினைவுக்குக் கொண்டுவருதல்

மாற்றம் வண்ண வளையத்தில்தான் என்று உறுதியானால், அது அந்தப் பறவைக்கு இயல்பானதா என்று கேட்க வேண்டும்.

வயதே முதலில் வருகிறது. பொரித்த குஞ்சுகளில் பெரும்பாலானவற்றின் கண் சாம்பல் கலந்த கரும்பழுப்பாகவே இருக்கும். வளர வளரத்தான் மஞ்சளும் செம்மையும் ஏறும். பருவத்துக்கு வரும் ஐந்து ஆறு மாத வாக்கில்தான் நிலையான நிறம் தெரியும். ஆகவே இரண்டு மாதக் குஞ்சின் கண் தாய்க்கோழியின் கண்ணைப் போல இல்லை என்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரே ஈட்டுக் குஞ்சுகளுக்குள்ளேயே ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் நிறம் மாறும்.

அடுத்தது இனம். சிறுவிடை, பெருவிடை என நாம் வளர்க்கும் கோழிகள் பலவித இரத்தக் கலப்பு உடையவை என்பதால், இளமஞ்சளிலிருந்து அடர்செம்பழுப்பு வரை எந்த நிறமும் அவற்றில் வரலாம். அசில் வழியில் வந்த சேவல்களுக்கும், கிளிமூக்கு விசிறிவால் சேவல்களுக்கும் முத்து நிறக் கண் வருவது இயல்பு. இளம் பறவையில் அது சற்றே மஞ்சள் சாயலோடு இருந்து, முதிர முதிர வெளுக்கும். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா வட்டாரத்துக்கு உரியதும், 2018இல் புவிசார் குறியீடு பெற்றதுமான கடக்நாத் என்னும் கருங்கோழிக்குக் கண்ணும் கருமையாகவே இருக்கும். கருங்கோழி, சில்கி, இந்தோனேசியாவின் அயாம் செமானி ஆகிய மூன்றிலும் தோல், எலும்பு உறை, உள்ளுறுப்புகள் வரை கருமை பரவுவதற்குக் காரணம் ஒன்றே: இருபதாவது குரோமோசோமில் ஒரு பகுதி இரட்டித்திருப்பதால், நிறமி உயிரணுக்களைப் பெருக்கும் மரபணு அளவுக்கு மீறி வேலை செய்கிறது. கருங்கோழிச் சேவல் ஒன்று ஊருக்குள் வந்துவிட்டால், அடுத்த தலைமுறையில் செம்மஞ்சள் இறகுள்ள விடைகளிடமும் கரும்பழுப்புக் கண் தென்படும்; அதில் நோய் ஏதும் இல்லை.

வெள்ளை இறகுள்ள கோழிக்குக் கண்ணும் வெளுக்கும் என்ற எண்ணம் தவறானது. வெள்ளை லெகார்ன் இனக் கோழிக்கு இறகு முழுவதும் வெண்மை, கண்ணோ செம்மஞ்சள். இறகை வெளுக்கச் செய்யும் வழக்கமான மரபணுக்கள் கண்ணின் நிறத்தைப் பறிப்பதில்லை. கண்மணியே இளஞ்சிவப்பாகத் தெரிந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கும் பறவை மட்டுமே உண்மையான நிறமியற்ற பறவை. அப்படி ஒன்று பொரிப்பது மிக அரிது. அதற்கு நிழலும் பாதுகாப்பும் கொடுத்து வளர்க்கலாம்.

கடைசியாகத் தீவனம். அரிசிக் குருணை, வெள்ளைச் சோளம், தவிடு ஆகியவற்றை மட்டும் தின்னும் கோழிக்கு மஞ்சள் நிறமி கிடைப்பதில்லை. மஞ்சள் மக்காச்சோளம், முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, அசோலா, மேய்ச்சல் புல் ஆகியவை கிடைக்கும் கோழிக்குக் கால், அலகு, மஞ்சள் கரு எல்லாமே அழுத்தமான நிறம் பெறும். கண்ணின் செம்மஞ்சளிலும் ஓரளவு வேறுபாடு தெரியலாம். தீவனத்தால் வரும் வெளிறலை அறிய எளிய வழி உண்டு: அது இரண்டு கண்களிலும் ஒரே அளவாக இருக்கும், பட்டியிலுள்ள பல கோழிகளிடமும் காணப்படும், காலும் அலகும் சேர்ந்தே வெளுத்திருக்கும். ஒரு கோழியின் ஒரு கண் மட்டும் தீவனத்தால் வெளுக்காது.

படி 4: கண்மணியைச் சோதித்தல்

இந்தப் படிக்கே நான் அதிக மதிப்புத் தருகிறேன். வண்ண வளையம் எந்த நிறத்தில் இருந்தாலும், கண்மணி வட்டமாகவும், விளிம்பு கூர்மையாகவும், இரு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே அளவாகவும், வெளிச்சத்துக்கு ஏற்பச் சுருங்குவதாகவும் இருந்தால், அந்தக் கண் வேலை செய்கிறது என்று பொருள்.

சோதனையை இப்படிச் செய்யலாம். கோழியை மங்கலான அறைக்குள் கொண்டுசென்று, சிறிது நேரம் அமைதியாக வைத்திருந்து, சிறிய டார்ச் விளக்கின் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து கண்ணுக்குள் செலுத்த வேண்டும். கண்மணி உடனே, மிக விரைவாகச் சுருங்க வேண்டும். பறவைகளின் வண்ண வளையத்தில் இருக்கும் தசை, நம்முடையதைப் போலத் தானாக மட்டும் இயங்குவது அன்று. கை கால் தசையைப் போல வரியுள்ள தசை என்பதால், கோழி தன் விருப்பப்படியும் மிரட்சியாலும் அதைச் சுருக்கி விரிக்கும். இதனால் ஒருமுறை பார்த்து முடிவு சொல்லாமல், இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை பார்க்க வேண்டும். ஒரு கண்ணில் ஒளி பட்டால் மற்றக் கண்ணும் சேர்ந்து சுருங்கும் என்று மனிதரிடம் எதிர்பார்ப்பதைக் கோழியிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகவே சோதிக்க வேண்டும்.

பிறகு பார்வையைச் சோதிக்கலாம். ஒரு கண்ணைத் துணியால் மெல்ல மறைத்து, மறு கண்ணின் பக்கமாக ஒரு கம்பு மணியையோ விரல் நுனியையோ ஓசையின்றி, காற்று படாமல் நகர்த்தினால், பார்வையுள்ள கோழி தலையைத் திருப்பும் அல்லது பின்வாங்கும். தரையில் விட்டு இரை போடும்போது ஒரு பக்கத்து மணிகளை மட்டும் தொடர்ந்து கொத்தாமல் விடுவதும், கூரையில் ஏறத் தயங்குவதும், மற்றக் கோழி நெருங்கும்போது ஒரே பக்கமாகத் திடுக்கிடுவதும் ஒரு கண் பார்வை போனதன் அடையாளங்கள்.

படி 5: முத்துக்கண்ணா, நரைத்த கண்ணா?

சேவல் வாங்குவோருக்கு மிகவும் வேண்டிய படி இது. இயல்பான முத்துக்கண்ணில் வெண்மை தெளிவானது, பளபளப்பானது. வளையம் முழுவதும் ஒரே சீராக இருக்கும். கூர்ந்து பார்த்தால் மெல்லிய செந்நரம்புகள் சில ஓடுவது தெரியலாம். இரண்டு கண்களும் ஒத்திருக்கும். நடுவிலுள்ள கண்மணி அந்த வெண்மையின்மேல் மைப்பொட்டு வைத்ததுபோலக் கருத்து, வட்டமாக, கூரிய விளிம்போடு நிற்கும். டார்ச் ஒளியில் அது சட்டென்று சிறுக்கும்.

மேரக்ஸ் நோயால் நரைத்த கண் இப்படி இராது. நிறம் சாம்பல் அல்லது சாம்பல் நீலமாக மங்கியிருக்கும். தொடக்கத்தில் வளையத்தில் அங்கங்கே திட்டுகளாகவோ, கண்மணியைச் சுற்றி ஒரு வட்டமாகவோ செம்மஞ்சள் அழிந்திருக்கும். போகப் போக முழு வளையமும் நரைக்கும். கண்மணியின் விளிம்பு முதலில் ஒழுங்கிழந்து, பல் பல்லாகவோ பேரிக்காய் வடிவிலோ கோணும். முற்றிய நிலையில் ஊசிமுனை அளவுக்குச் சிறுத்து, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் அசையாமல் நின்றுவிடும். பெரும்பாலும் ஒரு கண் முந்திக்கொள்ளும். இரண்டு கண்ணிலும் வந்தாலும் அளவில் ஒத்திராது.

சந்தையில் பேரம் பேசும் அவசரத்தில் இதையெல்லாம் பார்க்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். கைப்பேசி விளக்கு எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. கண்மணி சுருங்குகிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் சேவல் வாங்காமலிருப்பதே நல்லது. இள வயதுப் படம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்க்கலாம். மஞ்சள் சாயலிலிருந்து சீராக வெளுத்து வந்த கண் இனத்தின் கண். நாலு மாதம் வரை செம்மஞ்சளாக இருந்துவிட்டு ஒரு கண் மட்டும் திடீரென நரைத்திருந்தால், அது நோயின் கண்.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். சண்டையிலோ கொத்தலிலோ அடிபட்ட கண்ணில் முதலில் இரத்தம் தேங்கி அடிப்பகுதி சிவந்து தெரியும். இரத்தம் வற்றிய பின் வளையம் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு கண்மணி கோணலாக நின்றுவிடலாம். இது மேரக்ஸ் போலவே தோன்றும். ஆனால் ஒரு கண்ணோடு நிற்கும், மாதங்கள் கடந்தாலும் பெருகாது, பறவை இளைக்காது. முன்பு எடுத்து வைத்த படங்கள் கைகொடுப்பது இங்கேதான்.

படி 6: மேரக்ஸ் என்று ஐயம் வந்தால்

1907இல் புடாபெஸ்டில் பணியாற்றிய ஹங்கேரிய கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக், கால்கள் செயலிழந்த சேவல்களைப் பற்றி எழுதினார். நோய் அவர் பெயரைத் தாங்கியது. ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று இதற்குக் காரணம். அது வெள்ளணுக்களைக் கட்டுமீறிப் பெருகச் செய்து, நரம்பு, ஈரல், தோல், கண் ஆகியவற்றில் கொண்டு குவிக்கிறது. வண்ண வளையத்துக்குள் அவை வந்து நிறைவதாலேயே நிறம் அழிகிறது, தசை அசைவை இழக்கிறது. கண் நரைத்த கோழிக்கு எல்லா வேளையும் காலும் விழுந்துவிடும் என்பதில்லை. கண்ணில் மட்டும் நோய் தெரியும் கோழிகளும் உண்டு. ஆயினும் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக விரிந்து படுத்தல், இறக்கை தொங்குதல், தின்றும் இளைத்தல், நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்து வந்தால் ஐயம் வலுக்கிறது.

இதற்கு மருந்து இல்லை. நரைத்த கண் பழைய நிறத்துக்குத் திரும்பும் என்று சொல்லி எதையாவது விற்பவரை நம்ப வேண்டாம். வைரஸ் இறகு வேரில் முதிர்ந்து, உதிரும் தோல் தூசியோடு காற்றில் பரவுகிறது. கொட்டகைத் தூசியில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். ஒருமுறை தொற்றிய கோழி தெளிவாக நடமாடினாலும் வாழ்நாள் முழுவதும் வைரஸைப் பரப்பக்கூடியது. ஆகவே கண் நரைத்த ஒரு கோழி தெரிய வரும்போது, அதோடு இருந்த மற்றவையும் ஏற்கெனவே தொற்றுக்கு ஆளாகியிருக்கும். அதை மட்டும் தனியே வைப்பதால் பெரிய பயன் விளையாது. பார்வை குறைந்த கோழியை மற்றவை கொத்தாமல் காப்பதற்காகவே தனிக்கூண்டு தேவைப்படுகிறது.

மனிதருக்கு இந்த வைரஸ் தொற்றுவதில்லை. முட்டைக்குள்ளும் இது செல்வதில்லை. நோயுற்ற பட்டியின் முட்டையைத் துப்புரவான இடத்தில் பொரிக்க வைத்து, குஞ்சுகளைப் பழைய தூசி படாமல் வளர்த்தால் தொற்றில்லாத குஞ்சுகளைப் பெற முடியும். நோயை உறுதிப்படுத்த வேண்டுமானால், இறந்த அல்லது கொல்லப்பட்ட பறவையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று, தொடை நரம்பு தடித்திருக்கிறதா, ஈரலில் கட்டி இருக்கிறதா என்று அறுத்துப் பார்க்கச் சொல்வதே உறுதியான வழி. நலமாக உள்ள கோழிகளிடமும் வைரஸ் இருப்பது வழக்கம் என்பதால், வைரஸ் இருக்கிறது என்ற ஆய்வு முடிவு மட்டும் நோயை மெய்ப்பிப்பதாகாது.

படி 7: மங்கல் முகப்புப் படலத்திலோ கண்வில்லையிலோ இருந்தால்

முகப்புப் படல மங்கலுக்குப் புழக்கடையில் மிகுதியாகக் காணும் காரணம் அமோனியா. மழைக்காலத்தில் அடைத்த கூட்டில் எச்சம் ஈரமாகத் தேங்கி வாயு கிளம்பும்போது, இரண்டு கண்களும் எரிந்து, கோழி இறக்கையில் கண்ணைத் தேய்க்கும், வெளிச்சத்தில் மூடிக்கொள்ளும், முற்றினால் படலத்தில் புண் உண்டாகி வெண்மை படரும். காற்றில் அமோனியா 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்பது பண்ணைகளில் பின்பற்றும் வரம்பு. அளவிடக் கருவி இல்லாத நாம், விடியலில் கூட்டைத் திறந்ததும் கோழி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுத்துப் பார்க்கலாம். மூக்கும் கண்ணும் எரிந்தால் கூளத்தை அன்றே மாற்றி, மேல்புறத்தில் காற்றுப் போக்கி அமைக்க வேண்டும்.

வைட்டமின் ஏ குறைந்தால் இமைகள் ஒட்டி, உள்ளே பாலாடைக் கட்டி போன்ற வெண்பொருள் திரளும். வெள்ளைத் தானியம் மட்டுமே தின்னும், பச்சையே காணாத கோழிகளுக்கு இது வரும். மஞ்சள் மக்காச்சோளமும் முருங்கைக் கீரையும் தொடர்ந்து கொடுப்பது இதைத் தடுக்கும். ஏற்கெனவே கண் ஒட்டிய கோழிக்கு மருத்துவர் சொல்லும் அளவில் வைட்டமின் மருந்தும் வேண்டும். நுரைத்த கண்ணீரும் முகவீக்கமும் சளியும் சேர்ந்திருந்தால் அது மூச்சுக்குழல் தொற்று. இமையில் பரு கிளம்பினால் அம்மை. இவை கண் நிறத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதால் இங்கே விரிக்கவில்லை.

அதிகம் பேசப்படாத ஒன்று கண்புழு. வெப்ப நாடுகளில் மூன்றாம் இமைக்கு அடியில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், வெண்ணூல்போல நெளியும் புழு இது. கரப்பான் பூச்சி வகை ஒன்றைத் தின்பதால் கோழிக்கு வருகிறது. ஓயாமல் கண்ணைச் சொறியும் கோழியின் மூன்றாம் இமையை மருத்துவர் தூக்கிப் பார்த்தால் தெரியும். கவனிக்காமல் விட்டால் படலமே கெடும்.

கண்மணிக்குள் நீலவெண்மை தெரிந்தால் புரை. முதுமையாலும் அடியாலும் வரும். குஞ்சுப் பருவத்தில் நடுக்கத்தோடு வரும் மூளையழற்சி நோயில் பிழைத்தவற்றுக்குச் சில வாரம் கழித்து இளம் வயதிலேயே புரை தோன்றுவதும் உண்டு. ஒரே ஈட்டில் பல விடைகளுக்குக் கண்மணி வெளுத்திருந்தால், குஞ்சாக இருந்தபோது தலை நடுங்கியதா என்று நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த நோய் முட்டை வழியாகவும் வருவதால், தாய்க்கோழிகளுக்கு முட்டைப் பருவத்துக்கு முன்பே தடுப்பூசி போடுவதே பெரிய பண்ணைகளின் வழக்கம்.

படி 8: கையில் எடுக்க வேண்டியதும் எடுக்கக் கூடாததும்

கண்ணில் புண்ணோ மங்கலோ இருந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத உப்புநீர்க் கரைசலை உடல் சூட்டளவுக்கு வெதுவெதுப்பாக்கி, பஞ்சில் நனைக்காமல் நேராகச் சொட்டவிட்டுக் கழுவலாம். நிழலான தனிக்கூண்டு, தலையைத் திருப்பாமலே எட்டும் ஆழமான தண்ணீர்க் கிண்ணம், எப்போதும் ஒரே இடத்தில் வைக்கும் தீவனம் ஆகியவை பார்வை குறைந்த கோழிக்குப் போதும். ஒரு கண் போன கோழி பல ஆண்டு நன்றாக வாழ்ந்து முட்டையிடும்; அதை வீணாக முடிக்க வேண்டியதில்லை.

வெங்காயச் சாறு, புகையிலைச் சாறு, சுண்ணாம்பு, மஞ்சள் பொடி, எண்ணெய் எதையும் கண்ணுக்குள் இடக் கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர் கண்சொட்டு மருந்தையும் இடக் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் படலப் புண் ஆழமாகி, கண்ணே உடையலாம். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுக்க நேர்ந்தால், எத்தனை நாள் முட்டையையும் இறைச்சியையும் உண்ணக் கூடாது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல கோழிகள் ஒரே நேரத்தில் முகம் வீங்கித் திடீரெனச் சாகத் தொடங்கினால், எதையும் அறுத்துப் பார்க்காமல், இடம் மாற்றாமல், அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

படி 9: அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கான ஏற்பாடு

மேரக்ஸ் தடுப்பூசி, பொரித்த முதல் நாளே கழுத்துத் தோலுக்கடியில் போடுவது. வான்கோழியிடம் இயல்பாக வாழும், கோழிக்குத் தீங்கு செய்யாத உறவு வைரஸே பரவலாகப் பயன்படும் தடுப்பூசி. இது தொற்றைத் தடுப்பதில்லை. கட்டியும் வாதமும் கண் நரைத்தலும் வராமல் பெரும்பாலான பறவைகளைக் காக்கிறது. தடுப்பாற்றல் உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், ஊசி போட்ட அன்றே குஞ்சுகளைப் பழைய கோழிகளின் தூசிக்குள் விட்டால் ஊசி வீண். முதல் சில வாரங்கள் வேறு இடம், வேறு கூளம், வேறு பாத்திரம், குஞ்சுகளைக் கவனித்த பிறகே பெரிய கோழிகளிடம் செல்லும் ஒழுங்கு ஆகியவை வேண்டும்.

புழக்கடை வளர்ப்போருக்கு உள்ள உண்மையான இடர், மருந்துக் குப்பி பெரும்பாலும் ஆயிரம் குஞ்சுகளுக்கான அளவில் வருவதே. கலந்த மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் போடுவதால் பயனில்லை. ஊரில் நாலைந்து வீட்டார் ஒரே நாளில் அடை வைத்து, ஒரே நாளில் குஞ்சுகளைச் சேர்த்து ஊசி போடுவது நடைமுறைக்கு ஒத்த வழி. அடைக்கோழியே பொரித்து வளர்க்கும் வீடுகளில் குஞ்சைத் தாயிடமிருந்து பிரிப்பது எளிதன்று; அங்கே அடை வைக்கும் பஞ்சாரத்தையும் இடத்தையும் கழுவி, வெயிலில் காயவைத்து, மற்றக் கோழிகளிடமிருந்து தள்ளி வைப்பதாவது செய்ய வேண்டும்.

இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கும்போது, கண் நரைத்த பறவையை, அது எவ்வளவு அழகான முத்துக்கண் மரபில் வந்ததாக இருந்தாலும், விட்டுவிட வேண்டும். மேரக்ஸைத் தாங்கும் ஆற்றல் ஓரளவு மரபில் வருகிறது. எகிப்தின் ஃபயூமி இனம் அதை நன்கு தாங்குவதும், சில்கி எளிதில் விழுவதும் தெரிந்ததே. நோய் வந்துபோன பட்டியில் இரண்டு வயது கடந்தும் தெளிந்த கண்ணோடும் கட்டான உடலோடும் நிற்கும் சேவலையும் பெட்டையையும் தேர்ந்தெடுத்து, அவற்றின் இரு கண்களையும் படம் எடுத்து வைத்து, அவற்றின் குஞ்சுகளைப் பருவத்துக்கு வந்ததும் ஒருமுறையும், ஓராண்டில் மறுமுறையும் அதே வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.